அத்தை விட்ட மாம்பழம்

பகவதி மதினியின் போன் வந்தபோது என் இரண்டு கைகளிலும் கையுறை இருந்தது. அடையாறில் நான் வேலை செய்யும் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை வேளையில் மூச்சுவிட நேரம் இருக்காது. வெறும் வயிற்றோடு வந்தவர்கள் எல்லாரும் கோபமாகவே உட்கார்ந்திருப்பார்கள். கூட வேலை செய்யும் பெண்தான் போனை எடுத்து என் காதில் வைத்தாள்.

"அம்மா காபி குடிச்சிட்டு சாமி ரூம்ல போய் உக்காந்தாங்க. இன்னும் உக்காந்துதான் இருக்காங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்காங்க," என்றார் மதினி.

மதினி என் கணவர் சங்கரனின் அக்கா, தி. நகரில் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் நாத்தனாரை மதினி என்றுதான் கூப்பிடுவோம். அவர் அம்மா என்று சொன்னது என் மாமியார் கோமதியம்மாளை. மயிலாப்பூரில் எங்களோடு இருந்தவர், இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நாடி பார்க்கச் சொன்னேன். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். மதினி எல்லாவற்றுக்கும் "தெரியலையே, தெரியலையே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. என் தொழிலில் தெரியலையே என்று எழுதித் தர முடியாது. உண்டு, இல்லை, உண்டென்றால் இவ்வளவு. அதைத்தான் எழுத வேண்டும்.

ஆட்டோவில் தி. நகர் போய்ச் சேர்ந்தேன். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு அன்று காலை பூசியது, உதிராமல் இருந்தது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை" என்றேன். அன்று நான் தெளிவாகச் சொன்ன ஒரே பதில் அதுதான். அதற்குப் பிறகு இன்றுவரை எனக்கு எதிலுமே தெளிவில்லை.

முதல் குழப்பம் வயதில் ஆரம்பித்தது. வாசலில் வைக்கும் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வயது கேட்டார்கள். என் கணவர் எண்பத்தொன்பது என்றார். மதினி எண்பத்தேழு என்று அடித்துச் சொன்னார். ஆதார் அட்டையில் இருந்தது மூன்றாவது ஒரு வயது. கடைசியில் வயதே போடாமல் அச்சடித்தோம். தெருவில் போனவர்கள் நின்று படத்தைப் பார்த்துவிட்டு, பாட்டிக்கு என்ன வயசு என்று எங்களிடமே கேட்டார்கள்.

அத்தையை அறிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு, இது நாங்கள் பார்த்த கோமதியம்மாள் இல்லையே என்று சண்டைக்கு வரலாம். வரட்டும். அவரவருக்கு ஒரு கோமதியம்மாள் இருப்பார். நான் முப்பத்திச் சொச்சம் வருடம் ஒரே அடுப்படியில் கூட நின்றவள். எனக்கே அவரை முழுதாகத் தெரியாது என்பது இந்தப் பதினாறு நாளில்தான் தெரிந்தது.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி நேராக மயிலாப்பூருக்கு வந்தவர் அத்தை. மாமாவுக்குத் தி. நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. கடை அங்கே இருக்க, வீடு ஏன் மயிலாப்பூரில் என்று கேட்டால் இரண்டு கதை சொல்வார்கள். கோயில் பக்கத்தில் இல்லாத வீட்டில் குடியிருக்க மாட்டேன் என்று புதுப்பெண்ணாக இருந்த அத்தை ஒற்றைக்காலில் நின்றதாக என் கணவர் சொல்வார். அப்போது மயிலாப்பூரில்தான் வாடகை தோதாக இருந்தது என்று மாமா சொன்னதாக மதினி சொல்வார். எப்படியோ, மாமா கடைசிவரை தூக்குச்சட்டியோடு பஸ் ஏறிக் கடைக்குப் போனார். அத்தை கடைசிவரை கபாலி கோயிலுக்கு நடந்து போனார். மெட்ரோ வேலைக்காக வழியெல்லாம் தகரம் அடைத்து மறித்த பிறகும், சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டு வந்து, "உன்னப் பாக்க வாரதுக்குள்ள பிராணன் போவுது, கொஞ்சம் சீக்கிரம் முடிக்கச் சொல்லக் கூடாதான்னு அம்பாள்ட்ட கேட்டுட்டு வந்தேன்" என்பார்.

குடும்பம் என்றால் அவருக்கு உயிர் என்று எல்லாரும் சொல்லிவிடலாம். அத்தைக்கு அது ஒரு வேலை. விளக்கு வைத்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்காருவார். மகன், மகள், பேரன், பேத்தி என்று ஒவ்வொருவரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்றா என்று கேட்பார். வேறு பேச்சுக் கிடையாது. "வந்தாச்சா? சரி, வைக்கேன்" அவ்வளவுதான். ஒருவர் பாக்கி இருந்தாலும் சாப்பிட உட்கார மாட்டார். மென்பொருள் கம்பெனியில் இரவு வேலை பார்த்த மதினியின் மகன், ஆச்சிக்காகவே ஆபீசில் இருந்துகொண்டு "வீட்டுக்கு வந்துட்டேன் ஆச்சி" என்று பொய் சொல்வான். அவருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரியாமலும் இருந்திருக்கலாம்.

அத்தையின் பக்தியில் ஒரு தனி முறை இருந்தது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை, பரீட்சை, வேலை, பிரசவம் என்றால் எதையாவது சாப்பிடுவதை விட்டுவிடுவார். காசிக்குப் போனால் பிடித்த பண்டம் ஒன்றை விட்டுவிட்டு வருகிற வழக்கம் எல்லார் வீட்டிலும் உண்டு. அத்தைக்கு அதற்குக் காசி வேண்டாம், மயிலாப்பூரே போதும். அர்ச்சனை, அபிஷேகம் என்று நேர்ந்துகொள்வதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"நாம குடுத்துதான் சாமிக்கு நெறையப் போவுதா? அவருக்கு இல்லாததா? நமக்குப் பிடிச்சத விட்டுப் பாரு. தெனமும் நாக்கு கேக்கும். கேக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைய நல்லா வையின்னு சொல்லத் தோணும்லா."

யாருக்காக விட்டார் என்று மட்டும் சொல்லவே மாட்டார். காரியம் நல்லபடியாக முடிந்து, கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, விட்டதைத் திரும்பச் சாப்பிட ஆரம்பிக்கும்போதுதான் வாயைத் திறப்பார். அதற்கும் காரணம் வைத்திருந்தார். "நமக்காக ஒருத்தி நாக்கக் கட்டிக்கிட்டுக் கெடக்கான்னு தெரிஞ்சா அந்தப் பிள்ளைக்குச் சோறு எறங்குமா?" என்பார். அதனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்தந்த நேரத்தில் வாயில் வந்த சாக்கைச் சொல்லி வைப்பார். வாயு, சூடு, பல்வலி, பிடிக்கலை. ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்குக் கிடையாது.

இது தெரியாமல் நான் கல்யாணமான புதிதில் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். என் அம்மா வீட்டில் அந்தக் குழம்புக்கு நான்தான் பெயர்போனவள். அத்தை மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். "எனக்குக் கத்தரிக்கா அரிக்கும்மா" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என் கணவரிடம் கேட்டால், அம்மாவுக்குக் கத்தரிக்காய் உயிராச்சே என்கிறார். சமையல் பிடிக்காததைத்தான் இப்படிச் சொல்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு, மூன்று மாதம் நான் அவரிடம் அளந்து அளந்துதான் பேசினேன். ஒருநாள் கோயிலிலிருந்து வரும்போதே ஒரு பை நிறையக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தார். "எம்மா, அன்னிக்கு வச்சியே, அந்தக் கொழம்பு வை" என்றார். என் கணவருக்கு வேலை நிரந்தரமாகி அன்றைக்கு இரண்டாம் நாள். அத்தை மூன்று தடவை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். அரிக்கவில்லையா அத்தை என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இலையை வழித்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சமையல் என்பது துப்பறியும் வேலை ஆகிவிட்டது. அத்தை எதைத் தள்ளி வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால், யாருக்கோ ஏதோ சரியில்லை. ஆனால் எல்லாமே நேர்த்திக்கடன் என்றும் நம்பிவிட முடியாது. உப்புமாவை அவர் விட்டுப் பல வருடம் ஆகிறது. அது எந்தப் பேரனுக்காகவும் இல்லை என்பது என் சந்தேகம். எங்கள் வீட்டில் பரங்கிக்காயைத் தொடவே மாட்டார். மதினி வீட்டில் அதே பரங்கிக்காய்க் கூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு, "அது மயிலாப்பூர் நேர்த்தி, இது மாம்பலம்" என்றார். தி. நகரை அவர் மாம்பலம் என்றுதான் சொல்வார். எது வேண்டுதல், எது விளையாட்டு என்று எங்களால் பிரித்துப் பார்க்கவே முடிந்ததில்லை.

மாம்பழத்தை அவர் எப்போது விட்டார் என்பது எனக்குத் தெரியாது. நான் வந்த முதல் கோடையில் அவர் மாம்பழம் சாப்பிட்டதைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. கொட்டையை விடாமல் பிடித்து, முழங்கை வரைக்கும் சாறு வழிய, புடவைத் தலைப்பைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டார். ஆனால் இப்போது யோசித்தால் அது என் அம்மாவாகவும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. பிறகு ஏதோ ஒரு கோடையிலிருந்து அவர் மாம்பழம் சாப்பிடவில்லை. கூடை கூடையாக வாங்கி, எங்களுக்கெல்லாம் நறுக்கி வைப்பார். நீங்களும் சாப்பிடுங்கள் அத்தை என்றால், "எனக்குச் சூடும்மா, கட்டி வரும்" என்பார். அது ஒரு பேச்சாகவே யாருக்கும் படவில்லை.

இதற்கு நடுவில் என் மகள் கயலுக்கு வந்த நோயைச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஒருநாள் காலையில் எழுந்தவள் கண்ணைத் திறக்க முடியாமல் முகமெல்லாம் வீங்கியிருந்தாள். சிறுநீரில் புரதம் வெளியேறுகிற நோய். மருந்து கொடுத்தால் வடியும், குறைத்தால் திரும்ப வரும். பன்னிரண்டு வயது வரை வருவதும் போவதுமாக இருந்தது. தினமும் காலையில் அவள் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துப் பின்பக்கத்து பால்கனியில் சூடுபடுத்திப் பார்ப்பேன். தெளிவாக இருந்தால் நல்லது. பால் போல வெளுத்துவிட்டால் நோய் திரும்பிவிட்டது. அத்தை குளித்துத் திருநீறு பூசி, எனக்குப் பின்னால் வந்து நிற்பார். "தெளிஞ்சிருக்கா?" என்று மட்டும் கேட்பார். தெளிந்திருந்தாலும் வெளுத்திருந்தாலும் அடுத்த நிமிடம் செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்.

குழந்தைக்கு உப்புக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவள் தட்டைத் தள்ளிவிட்டு அழுவாள். அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கும் உப்பில்லாத சாதமே போடச் சொல்லி, "ஆச்சியும் இதத்தான் திங்கேன் பாரு, என்ன ருசி" என்று கண்ணை மூடி மென்று காட்டுவார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கயல் சாப்பிடுவாள். அவரைப் போன்ற ஒரு மனுஷி பக்கத்தில் இல்லாதிருந்தால் அந்த ஏழு வருடத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன். இதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிறகு நோய் போய்விட்டது. இந்த வகை நோய் பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அப்படித்தான் போயிற்று. கயல் படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டு கொட்டிவாக்கத்தில் குடியிருக்கிறாள். இப்போது அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம்.

போன கோடைக்கு வருகிறேன். அத்தைக்கு மறதி வந்துவிட்டிருந்தது. காலையில் கோயிலுக்குப் போனதை மறந்துவிட்டு மத்தியானம் திரும்பவும் கிளம்புவார். ஒருநாள் மாம்பழம் நறுக்கித் தட்டில் வைத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை கையை நீட்டி ஒரு துண்டை எடுத்துவிட்டார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். வெகுநேரம் அந்தத் துண்டையே பார்த்தார். பிறகு தட்டில் திரும்ப வைத்துவிட்டு, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"சாப்பிடுங்க அத்தை, ஒரு துண்டு ஒண்ணும் பண்ணாது," என்றேன்.

"விட்டாச்சும்மா."

"எதுக்கு விட்டீங்க?"

யோசித்தார். அவர் அவ்வளவு கஷ்டப்பட்டு யோசித்து நான் பார்த்ததில்லை. "யாருக்கோ விட்டேன். யாருக்குன்னு மறந்துட்டு," என்றார். பிறகு, "யாராயிருந்தா என்ன? அவுக நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாக இருந்தது. சாயங்காலம் கணவரிடமும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர், "காசிக்குப் போனப்ப விட்டிருப்பாங்க" என்றார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

அத்தை போன பிறகு, பதினாறாம் நாள் விசேஷத்துக்கு இலை போட்டுப் படைப்பதைப் பற்றிப் பேச உட்கார்ந்தபோதுதான் இது திரும்பக் கிளம்பியது. போனவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். என்ன பிடிக்கும் என்று எழுதத் தொடங்கினால், ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார். ஒரு பேரன், ஆச்சிக்கு உப்புமா உயிர் என்று சத்தியம் செய்கிறான். மாம்பழத்தில் வந்து எல்லாரும் நின்றோம். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்கு மாம்பழம் என்றால் அவ்வளவு ஆசை, சர்க்கரை வந்த பிறகுதான் சூடு அது இது என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள், இப்போதாவது ஆசைதீரச் சாப்பிடட்டும் என்றார். என் கணவர், காசியில் விட்ட பழத்தை இலையில் வைக்கக் கூடாது, அது அம்மாவுக்குச் செய்கிற துரோகம் என்றார். அக்காவும் தம்பியும் குரலை உயர்த்தும் அளவுக்குப் போயிற்று. தேவாரம் பாட வரவிருந்த ஓதுவாருக்குப் போன் செய்து கேட்டோம். உங்கள் மனசுக்கு எப்படிப் படுகிறதோ அப்படிச் செய்யுங்கள் என்றார் அவர். எங்கள் மனசுக்கு எப்படிப் படுகிறது என்று தெரியாததால்தானே அவரையே கேட்டோம்?

மறுநாள் நான் கோயில் வாசலுக்குப் போனேன். கிழக்கு வாசலில் ஒரு பூக்கார அம்மா, பல வருடமாக அத்தைக்குப் பூ கட்டிக் கொடுத்தவர். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டார்.

"நாலு நாளா காணமேன்னு பாத்துக்கினே இருந்தேன். இன்னாம்மா இது," என்றார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு நான் மாம்பழத்தைப் பற்றிக் கேட்டேன்.

"மாம்பழமா இன்னான்னு எனக்கு நெனப்பு இல்லம்மா. ஏதோ ஒரு பழம். ஒரு பேத்தி இருந்துச்சுல்ல, மூஞ்சியெல்லாம் வீங்கிக்கினு? அதுக்கோசரம் ஆயுசுக்கும் விட்டுட்டேன், அந்தச் சீக்கு திரும்ப வரக்கூடாதுன்னு சொன்னாங்க. கோயிலாண்ட இந்த மாதிரி பத்துப் பேரு சொல்லுவாங்க. கோமதிம்மாதான் சொன்னாங்களான்னு கேட்டா, சத்தியம் பண்ண மாட்டேன்."

நான் வீட்டுக்கு நடந்து வந்தேன். அத்தை வாழைப்பழம் சாப்பிடுவார், கொய்யா சாப்பிடுவார், சப்போட்டா சாப்பிடுவார். அவர் தொடாத பழம் ஒன்றே ஒன்றுதான். கத்தரிக்காயைப் போல இதைத் திரும்பச் சாப்பிட ஆரம்பிக்கவும் இல்லை. ஆயுசுக்கும் என்றால், யார் ஆயுசுக்கு? அத்தையின் ஆயுசுக்கா, கயலின் ஆயுசுக்கா? மாமியார் உயிரோடு இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் அவருக்கே மறந்துவிட்டது.

நான் சாமி கும்பிடாதவள் இல்லை. ஆனால் விட்ட மாம்பழத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். கயலுக்குப் போன வாரம் கால் லேசாக வீங்கியிருந்தது. கர்ப்பிணிகளுக்கு வருகிற சாதாரண வீக்கம்தான் என்றார் அவளுடைய டாக்டர். நானும் என் கையால் பரிசோதனை செய்து பார்த்துவிட்டேன். புரதம் இல்லை. அந்த முடிவில் கையெழுத்துப் போட்டவள் நானே. அப்படியிருக்க, மாம்பழம் இலையில் ஏறிவிடுமோ என்று நான் ஏன் பயப்பட வேண்டும்? பயந்தேன். வெட்கமாக இருந்தது, அதனால் அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. என் கணவர் பக்கம் சேர்ந்துகொண்டு, காசி, காசி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் வந்தது. மதினி நல்ல பழமாகப் பார்த்து ஒரு பெட்டி பங்கனப்பள்ளி கொண்டு வந்துவிட்டார். வீடு முழுக்க மணம். ஓதுவார் பாடி முடித்தார். அத்தை படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, மருமகளாக நான்தான் ஒவ்வொன்றாக வைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம், வடை, பாயசம், பேரனுக்காகக் கொஞ்சம் உப்புமா, சண்டை வேண்டாம் என்று பரங்கிக்காய்க் கூட்டு. கடைசியில் இலையோரத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. மதினி அந்த இடத்தைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் டம்ளரை எடுத்து அந்த இடத்தில் வைக்கப் போனேன்.

அப்போது கயல் அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் ஒரு தட்டு, அதில் நறுக்கிய மாம்பழம். எங்கள் சண்டையெல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்கிறது. பூக்கார அம்மா சொன்னதை என் கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் மகளிடம் சொல்லிவிட்டிருக்கிறார்.

"எனக்காகத்தான் ஆச்சி விட்டாங்கன்னா, நான் குடுத்தாதானே சாப்பிடுவாங்க? இத்தனை வருஷம் விட்டதே போதும்மா. எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாதான் இருக்கேன்."

என்ன சொல்லித் தடுக்க முடியும்? வைக்காதே என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள். அவளுக்குச் சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. அவள் மெதுவாகக் குனிந்து, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, துண்டுகளை இலையோரத்தில் அடுக்கினாள். மதினி வாய்விட்டு அழுதார். என் கணவர் காலித் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

இலை போட்டபின் அறைக் கதவைச் சாத்திவிடுவது எங்கள் வழக்கம். போனவர் வந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று எல்லாரும் கொஞ்ச நேரம் வெளியே இருப்போம். கதவைச் சாத்தினேன். கூடத்தில் மதினி, அம்மா இப்போது மாம்பழத்தைத்தான் முதலில் எடுப்பார்கள் என்று கயலின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். கயல் வீங்கிய காலைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் கதவை ஒட்டியே நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு மனுஷியிடம் நான் அப்படிக் கெஞ்சியதே கிடையாது.

அத்தை, சோறு சாப்பிடுங்கள். வடை சாப்பிடுங்கள், குழம்பை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளுங்கள். மாம்பழத்தை மட்டும் தொடாதீர்கள். உங்கள் பேத்திதான் வைத்தாள், அவள் சின்னப் பெண், அவளுக்குத் தெரியாது. இன்னும் மூன்று மாதம். பிள்ளை பிறந்து, இரண்டு பேரும் நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டால், நானே நறுக்கி வைக்கிறேன். அப்போது மாம்பழக் காலம் முடிந்திருக்கும். எந்த ஊரில் கிடைத்தாலும் வாங்கி வருகிறேன். நீங்கள் யாருக்காக விட்டீர்களோ எனக்குத் தெரியாது. ஒருவேளை சூடு என்பதற்காகவே விட்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், விட்டது விட்டபடியே இருங்கள்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. போதும், திற என்றார் என் கணவர். கதவைத் திறந்தேன். மாம்பழத் துண்டுகள் கயல் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. சோறும் அப்படித்தான் இருந்தது, வடையும் அப்படித்தான் இருந்தது. அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும், நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். கண்ணீர் நிற்கவில்லை. மாமியாருக்காக அழுகிறேன் என்று எல்லாரும் என்னைத் தேற்றினார்கள்.

போய் வாருங்கள், அத்தை. மாம்பழத்துக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்து வாருங்கள்.